எந்தக் கருவிக்கு எந்த பேட்டரி?

1. சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட்டுக்குச் சாதாரண பேட்டரிக் கட்டையே போடுங்கள். கரண்ட் கொஞ்சமாகத்தான் இழுக்கும். சார்ஜ் கட்டைக்குப் போட்ட காசு திரும்பாது.

2. பிள்ளைகளின் ஓடும் பொம்மைக்குச் சார்ஜ் கட்டை வாங்குங்கள். நூற்றுக்கணக்கான முறை ஏற்றலாம். 1.2 வோல்ட் என்றிருந்தால் தயங்க வேண்டாம், பெரும்பாலும் ஓடும்.

3. ஐப்பசி பிறந்ததும் டார்ச்சுக்கு அல்கலைன் கட்டை ஒரு செட் வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜர் இருந்து என்ன பயன்? டார்ச்சுக்குள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து ஸ்பிரிங் களிம்பேறிவிடும்.

4. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள். தீர்ந்தது முதலில் கசியும்.