தேசம், காலம், பாத்திரம்

தானம் மூன்று வகைப்படும் என்று கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான் பார்த்தனுக்கு உபதேசித்தருளுகிறான். கொடுப்பது கடமை என்ற நினைவோடு, கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தேசம், காலம், பாத்திரம் ஆகியவற்றை நோக்கிக் கொடுப்பது ஸாத்விகம். பலனைக் கருதியோ மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸம். இடமும் காலமும் பாராமல், தகாதவர்க்கு, அவமதிப்புடன் கொடுப்பது தாமஸம். தானத்துக்கு மனத்தூய்மை வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். தேச காலங்களையும் ஆராய வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். நல்ல மனத்தோடு கொடுத்த பொருளும் திருக்கோயில் அறைகளில் பயனின்றிக் கிடப்பது இதனாலேயே.

உற்சவ நாட்களில் பட்டு வஸ்திரங்கள் குவிகின்றன. ஒருகால பூஜை மட்டும் நடைபெறும் கிராமத்துச் சந்நிதிகளிலோ திருவிளக்கு எண்ணெய்க்கே தட்டுப்பாடு. உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிட்ட குழல்விளக்கைக் காணாத சேவார்த்தி இருக்க முடியாது!

முன்னோர் கொடுத்த முறை வேறு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கு நடைபெற்ற ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள் இருந்தன என்று அது கூறுகிறது. அம்மட்டோடு நிற்கவில்லை. மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், மருந்து காய்ச்சும் பெண்டிர் ஆகியோருக்கு உரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. நோயாளி இருளில் தவிக்கலாகாது என்று இரவு விளக்குக்கும் வகை செய்தார்கள். கட்டடம் எழுப்பியதோடு தருமம் முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை.

கட்டளை வைத்த குடும்பத்தார் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். பாட்டனார் 1970இல் 500 ரூபாயை முதலாக வைத்திருந்தால், நூற்றுக்கு 7 வீதம் கணக்கிட்டாலும் ஆண்டு வட்டி 35 ரூபாயே. அதைக் கொண்டு இன்று ஒரு வேளைத் தளிகையும் நடவாது. பேரப்பிள்ளைகள் விசாரித்து முதலைக் கூட்டுவதே அப்பெரியவரின் ஸங்கல்பத்தைக் காப்பதாகும்.

தமிழகத் திருக்கோயில்களில் 2002இல் தொடங்கப்பட்ட அன்னதானத் திட்டத்துக்குக் கொடுப்போர் பெரும்பாலும் பிறந்தநாளையோ திருவிழா நாளையோ நாடுகின்றனர். பசியோ நாள் பார்த்து வருவதில்லை. ஐப்பசி மழையில் வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை ஏற்பது பெரிய உபகாரம்.

பொருள் வாங்குமுன் கோயில் அலுவலகத்தில் எது குறைவு என்று கேட்பது நன்று. மடைப்பள்ளியில் கேட்டால் இன்னும் சரியான விடை கிடைக்கும். பணமாகக் கொடுப்போர் கைங்கரியத்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லிப் பெற வேண்டும். உண்டியலில் இட்ட காணிக்கை பொதுநிதியில் சேர்ந்துவிடுமாதலால், இன்ன கைங்கரியத்துக்கு என்று பின்னர் அதனைப் பிரித்துக் கேட்க இயலாது.