கேட்கத் தெரியாத கேள்வி

பெங்களூரின் பிரேசர் டவுன், ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியுள்ளது. மைசூரின் இளம் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். மாணவர் எதிரில் அமர்ந்திருந்ததால், முகக்குறிப்பிலிருந்தே ஐயத்தை உணர அவரால் இயன்றிருக்கும். இன்று அந்நகரில் நிரல் எழுதக் கற்கும் இளைஞரோ, தம் ஐயத்தை இணையத்தில் முகமறியாதோரிடம் கேட்கிறார்.

'பைத்தானில் 2, 3 ஆகியவற்றை உள்ளிட்டுக் கூட்டினால் 23 வருகிறதே, ஏன்?' என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். விசைப்பலகையில் தட்டிய எண்ணைப் பைத்தான் 'ஸ்ட்ரிங்' என்னும் எழுத்துச்சரமாகவே பெறுகிறது; அதை எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். விடை இவ்வளவே. 'பலமுறை கேட்கப்பட்ட கேள்வி. தேடிப் படிக்கவும்' என்று அனுபவசாலி சினக்கிறார். தேடுவதற்கு 'ஸ்ட்ரிங்' என்ற சொல் தெரிந்திருக்க வேண்டுமே! அதை அறிந்தவருக்கு இந்த ஐயம் எழுவது அரிது.

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், புதியவர் பலருக்குத் தன் சூழல் இணக்கமாக இல்லை என்பதை 2018 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரே வகைக் கேள்விகள் குவியும்போது, ஊதியமின்றி விடையளிப்போர் சலிப்பதும் இயல்பே. சலித்தவர் அன்று மௌனமாக இருக்கலாம். வேறொருவர் விடை கூறுவார். பேச முன்வருபவரோ, கடிந்துகொள்ளும் அந்த ஒரு வரியிலேயே 'ஸ்ட்ரிங்' என்ற சொல்லைத் தந்துவிடலாம். மீதியைப் புதியவரே தேடிக்கொள்வார்.