ஜெயித்த பிறகும் வக்கீல் பீஸ் நம் தலையிலா?

கேள்வி: ஐயா, பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை பார்த்தவள் நான். 60 வயதுக்குப் பிறகு வரவேண்டிய நலத்திட்டப் பென்ஷனை, இடையில் அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்று ஒரு விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஐகோர்ட்டில் ரிட் போட்டு ஜெயித்தேன். ஆனால் உத்தரவின் கடைசி வரியில் 'செலவுத்தொகை இல்லை' என்று இருக்கிறது. நகையை அடகு வைத்துக் கொடுத்த வக்கீல் பீஸை அரசிடம் வாங்க முடியுமா?
– ஒரு வாசகி, நாரணாபுரம்

பதில்: பெரும்பாலும் முடியாது, அம்மா. ரிட் வழக்கில் செலவுத்தொகை தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை. அதற்காக மட்டும் அப்பீல் போனால் இன்னொரு பீஸ்தான் கூடும்.

உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. பென்ஷன் விதியை எதிர்த்து நடந்த வழக்குகளில் பேர்போனது, 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நகாரா வழக்கு. குறிப்பிட்ட தேதிக்குமுன் ஓய்வுபெற்றவர்களை ஒதுக்கிய விதி அதில் அடிபட்டது. அந்தத் தீர்ப்பும் செலவுத்தொகை இல்லை என்றுதான் முடிந்தது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், வக்கீல் பீஸ், பயணம், தங்கும் செலவு உட்பட நியாயமான உண்மைச் செலவைத் தரவேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிவில் வழக்குகளை வைத்துச் சொன்னது அது. நடைமுறையில் அங்கும் அரிதுதான். அமெரிக்காவில் 1980-இல் இதற்கென்றே சட்டம் வந்தது: மத்திய அரசு தன் நிலைப்பாட்டுக்குத் தக்க நியாயம் காட்டாவிட்டால், தோற்ற அரசே எதிராளியின் வக்கீல் பீஸைக் கட்டவேண்டும். நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் நீங்கள் அந்த நகையை அடகு வைத்திருக்கவே வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதியில் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. ஆலைத் தொழிலாளர், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில் வருகிறார்கள். வெடிவிபத்துகள் நடக்கும் நம் பகுதியில் இதைத் தெரியாதவர்கள் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம். அந்த இலவச வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. சொந்தமாக வைத்த வக்கீலும், 'ஜெயித்தால் வரும் தொகையில் இத்தனை பங்கு' என்று பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. அப்படி யாராவது கேட்டிருந்தால் தமிழ்நாடு பார் கவுன்சிலில் புகார் கொடுங்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது உத்தரவின் சான்றிட்ட நகல். அதை மனுவோடு சேர்த்து விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பென்ஷனை மறுத்த அலுவலகத்துக்கு அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவில் சொன்ன கெடு தாண்டியும் பென்ஷன் வராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஓராண்டுதான் காலவரம்பு. அரசு அப்பீல் போனால் உடனே உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். இன்னொரு முறை வக்கீலுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணில் பேசிவிடுங்கள்.