நிழலும் வக்தும்

விடியற்காலைக் குளுமையில் புஞ்சைக்குப் போய், உச்சி வெயிலில் வேம்படிக்கு ஒதுங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி இறங்குவது கரிசல் காட்டுச் சம்சாரியின் வழக்கம். ஐவேளைத் தொழுகையின் வக்துகளும் அதே சூரியனைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. ஆகையால் அவருக்கு வேலையும் தொழுகையும் மோதுவது குறைவு. மணி அடித்து வேலை வாங்கும் இடங்களில்தான் தவறு நுழைகிறது.

கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் பகல் 12-30க்குச் சாப்பாட்டு மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி அடித்ததும் ஒருவர் லுஹர் தொழுதுவிட்டுப் பிறகு சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் இவ்வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் சுமார் 12-02. பிப்ரவரி 10 வாக்கில் சுமார் 12-33! அரை மணி நேர வித்தியாசம். சூரியன் உச்சி சாய்ந்த பிறகே லுஹர் வக்து நுழையும். ஐப்பசியில் சரியாக இருந்த அவருடைய தொழுகை, தை பிற்பகுதியிலும் மாசியிலும் வக்துக்கு முந்திவிடுகிறது. வக்துக்கு முன் தொழுத பர்ளு நிறைவேறாது. திரும்பத் தொழ வேண்டும். இதற்காக முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் முதலில் சாப்பாடு, பிறகு தொழுகை என்று மாற்றிக்கொண்டால் போதும்.

அஸருக்கு நிழலை அளப்பதிலும் பலர் தவறுகிறார்கள். சமதரையில் ஓரடிக் குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். சித்திரை பிறக்கும் நாள் வாக்கில் உச்சியில் நிழலே இராது. ஆனிக் கடுவெயிலில் தெற்கே சுமார் 3 அங்குலம் விழும். மார்கழியிலோ வடக்கே ஏழரை அங்குலத்துக்கு மேல் நீளும். இந்த உச்சி நிழலைக் கழித்து, மிச்சம் குச்சியின் அளவைத் தாண்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் நுழைந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல்படி இரு மடங்காக வேண்டும். உச்சி நிழலைக் கழிக்க மறந்தவர் மார்கழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திவிடுவார்.

விதைப்புக் காலத்தில்தான் நம் சகோதரர்கள் திணறுகிறார்கள். கரிசல் மழையில் பசையாய் ஒட்டும். காய்ந்தால் பாளமாய் வெடிக்கும். இடையில் கிடைக்கும் பதம் சில நாட்களே. அதை விடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பயணிக்குரிய ஜம்உ சலுகை ஊரில் இருந்து தம் புஞ்சையில் விதைப்பவருக்குக் கிடையாது. அக்டோபர் நடுவில் உச்சி சாய்வது சுமார் 12-05க்கு. அஸர் நுழைவது ஷாஃபிஈ கணக்கில் சுமார் 3-25க்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி! கஞ்சி குடிக்கக் கரையேறும்போதே கையோடு ஒளுவுக்கும் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டால் லுஹர் முடிந்தது. அஸரை மட்டும் கடைசிச் சால் வரை தள்ளிப்போடாதீர்கள்; அந்த மாதத்தில் 6 மணிக்கே சூரியன் இறங்கிவிடுகிறது.