பழைய பிக்கப்புக்கு கியர்பாக்ஸ் மாற்றுகிறீர்களா?

அமெரிக்கச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய ஷெவர்லே பிக்கப்புகள் பலவற்றில் இருப்பது, 1982 மாடல்களில் அறிமுகமான 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பிரித்துக் கட்டினால் நன்றாக உழைக்கும். கட்டியதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரமாக மாட்டுவதுதான்.

டார்க் கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். 'டக், டக்' என்று படிப்படியாக இறங்கி உட்காரும். கியர்பாக்ஸை இஞ்சினோடு சேர்த்ததும், கன்வர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். இடைவெளியே இல்லையா? போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஆயில் பம்ப் உடைந்துவிடும். சலிக்காமல் இறக்கி, மறுபடி உட்கார வையுங்கள்.

தேய்ந்த கிளட்ச் துகள்கள் ஆயில் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். குழாய்களை நன்றாகக் கழுவுங்கள். கூலரைப் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது.

த்ராட்டிலோடு இணைந்த டி.வி. கேபிளைச் சரியாக வைக்காமல் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கேபிளும் முழுக்க இழுபட வேண்டும். இந்த கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தம் கேபிளின் இழுப்பைப் பொறுத்தது. தொய்வாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும்.

ஆயில் அளவைச் சமதரையில், பார்க் நிலையில், சூடேறிய இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள்.