நுரையீரலில் ஒரு கொழுப்புத் தூதன்

கொழுப்புன்னாலே இரத்தக்குழாயை அடைக்கும்னுதான் நான் நினைத்திருந்தேன். குழாயைத் திறந்து வைக்கிற கொழுப்பும் உண்டு, தெரியுமா?

கையில் பார்க்கும் இரத்த அழுத்தம் சுமார் 120/80. நுரையீரல் தமனியில் சுமார் 25/10 தான்! அங்கே குழாயின் உட்சுவர், அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து புரோஸ்டாசைக்ளினைத் தயாரிக்கிறது. இது குழாயைத் தளர்த்தும். சுவர்த்தசை பெருகாமல் தடுக்கும். அதே அமிலத்திலிருந்து இரத்தத் தட்டுகள் தயாரிக்கும் திராம்பாக்சேன் நேர் எதிர். குழாயைச் சுருக்கும்.

நுரையீரல் தமனி உயர் அழுத்தம் என்ற அரிய நோயில் முதலாவது குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. குழாய் குறுகக் குறுக, இதயத்தின் வலப்பக்கம் தள்ளித் தள்ளியே களைத்துவிடும்.

1976-இல் ஜான் வேன் குழுவினர் புரோஸ்டாசைக்ளினைக் கண்டறிந்தனர். 1982-இல் வேன் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்தார். 1995-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அதுவே மருந்தாக அனுமதி பெற்றது. சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால், இரவும் பகலும் சிறு பம்பு மூலம் சிரையில் செலுத்த வேண்டும்.

இந்நோயின் முதல் அறிகுறி, படி ஏறினால் மூச்சு வாங்குவது. அப்படி நிற்பவரைச் ‘சோம்பேறி’ன்னு நானும் கேலி செய்திருக்கிறேன். இனி மாட்டேன். அடிக்கடி மூச்சு வாங்கினால் டாக்டரிடம் காட்டச் சொல்வோம்!