முகத்துக்கு ஒளிச் சிகிச்சையும் உளூவும்

நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்ந்த காற்றினால் அங்கு வெயிலின் கடுமை தெரிவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. தேயிலைத் தோட்டத்திலும் ராணுவ மைதானத்திலும் வெயிலில் நிற்பவர்களின் முகத்தில் மங்கு படர இதுவும் ஒரு காரணமாகும்.

வெயிலால் கெட்ட தோலுக்கு ஒளியைக் கொண்டே சிகிச்சை செய்யும் முறைகள் இன்று உண்டு. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் டாக்டர் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு பெற்றார். இப்போது லேசர் கதிர் பாய்ச்சுவது ஒரு முறை. மருந்து தடவிச் சில மணி நேரம் கழித்துச் சிவப்பு அல்லது நீல ஒளி பாய்ச்சுவது மற்றொரு முறை. பிந்தியது, புற்றாக மாறக்கூடிய சொரசொரப்பான வெயில் புண்களுக்கு உரியது. மங்குக்கு முதலில் வேண்டியது வெயில் தடுப்பும் களிம்பும்தான். நம்மவரின் மாநிறத் தோலில் லேசர் சில சமயம் கருமையை அதிகமாக்கிவிடும். ஆகவே தோல் டாக்டரிடம் காட்டாமல் அழகு நிலையத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

நோயையும் குறையையும் நீக்கச் சிகிச்சை செய்வது மார்க்கத்தில் ஆகுமானது. சிகிச்சைக்குப் பின் உளூ எப்படி? "முகத்தில் தண்ணீர் படலாமா?" என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். படலாம் என்றால் வழக்கம்போல் கழுவுவது கடமை. தீங்கு தரும் என்றால், ஹனஃபி மத்ஹபில் அந்த இடத்தை ஈரக்கையால் தடவ வேண்டும். அதுவும் தீங்கானால் விட்டுவிடலாம். ஷாபிஈ மத்ஹபில் நல்ல பகுதிகளைக் கழுவி, கழுவ முடியாத இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பு தண்ணீரைத் தடுக்கும் படலமாகப் படிந்திருந்தால், அதை நீக்கிய பின்பே உளூ செய்ய வேண்டும்.

மருந்து தடவி ஒளி பாய்ச்சியவர்கள் சுமார் இரண்டு நாட்கள் வெயிலில் செல்லக்கூடாது. ஆதலால் அவசரமில்லாதபோது புதன், வியாழன், வெள்ளியில் இதை வைத்துக்கொள்ளாதிருந்தால் ஜும்ஆ தவறாது.

தலையில் காயமுற்ற ஒருவரைத் தயம்மும் செய்ய விடாமல் சிலர் குளிக்க வைத்தார்கள், அவர் இறந்துவிட்டார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தெரியாததைக் கேட்டறியாததற்காக அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. ஆகவே உடலைப் பற்றி டாக்டரிடமும், உளூவைப் பற்றி ஆலிமிடமும் கேட்டு நடப்பதே பேணுதல்.